முப்பதாம் எண்

மாலை ஆறே கால். பிச்சாட்டூர் ஏரிக்கரைச் சாலை. பஸ் இறக்கிவிட்டுப் போனதும் ஆள் சத்தமே இல்லை... ஒரே ஒரு வீடு. புது வீடு. இன்னும் பால் காய்ச்சவில்லை.

இதோ, என் பக்கத்தில் இருக்கிறாளே மல்லிகா, அவள் மாமாவுக்கு நடந்தது இது. பெயர் முனிகிருஷ்ணன். திருப்பதியில் வீடுகளுக்கு வைஃபை, கேமரா போடுவார். அன்று அவர் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதைத் தானே வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும்.

வீட்டுக்காரன் ரமணா குவைத்தில் இருந்தான். அங்கிருந்தே போனில் கதவைத் திறந்துவிட்டான். டிக். உள்ளே போனதும் அதுவாகப் பூட்டிக்கொண்டது. டிக். பெயின்ட் வாடை. அதற்கடியில் ஏரிச் சேற்றின் வாடை...

வைஃபையில் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி எண் உண்டு. சும்மா விட்டால் அது மாறிக்கொண்டே இருக்கும். மாறாதபடி எழுதி வைக்கத்தான் அவர் போனார். கேமராவுக்கு இருபத்தொன்று. கதவுப் பூட்டுக்கு இருபத்திரண்டு. தன் போனுக்கு, வேலை முடியும்வரை, முப்பது.

வைஃபையில் சேர்ந்தவற்றின் பட்டியல் போனில் தெரிந்தது. அதில் நான்காவதாக ஒன்று இருந்தது. பெயர் இல்லை. எண் நாற்பத்தொன்று. மறுபடி பார்த்தார், ஐம்பத்தேழு. மறுபடி... முப்பத்தாறு. நிலைகொள்ளாமல் அலைந்தது.

ரமணாவைக் கூப்பிட்டார். "வூட்ல வேற இன்னா கீதுப்பா?"

"ஒண்ணும் இல்லண்ணா. ஃபேன்கூட இன்னும் மாட்டல."

மணி ஆறு ஐம்பது. எதுவோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதற்கும் ஒரு நிலையான எண் கொடுத்தார். அவசரத்தில் அடித்தது... முப்பது. தன் போனுக்குக் கொடுத்த அதே எண்.

அவர் போனில் வைஃபை அறுந்தது.

டிக்.

திரும்பிப் பார்த்தார். கதவு பூட்டித்தான் இருந்தது. இழுத்தார். அசையவில்லை.

"ரமணா, வேல முடிஞ்சிச்சி. கதவத் தொறப்பா."

"இன்னாண்ணா தமாஷ் பண்ற? இப்பதான பைய மாட்டிக்கினு வெளிய போன. கேமராவுல பாத்தேனே!"

பை அவர் காலடியில் இருந்தது.

ரமணா மூன்று தடவை அழுத்தினான். திறந்துவிட்டதாகவே அவன் போனில் காட்டியது. ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. கத்தினார்... வெளியே பஸ் வரும் சத்தம். அந்தச் சாலையில் கை காட்ட ஆள் இருந்தால்தான் பஸ் நிற்கும். நின்றது. கண்டக்டர் விசில். போய்விட்டது.

எட்டே முக்காலுக்கு மாமியார் கமலம்மா போன் செய்தார்.

"இன்னா மாப்ள, சக்கர தண்ணி வெச்சிட்டு ஒரு வார்த்த பேசாம போயிட்ட? பொண்ணு பொறந்ததுல கோவமா? உன் கை ஏன் அப்பிடி சில்லுனு இருந்திச்சி?"

பத்து மணிக்கு ரமணாவின் சிநேகிதர்கள் கடப்பாரையோடு வந்து கதவை உடைத்தார்கள். மாமா அதற்குப் பிறகு அந்தத் தொழிலுக்கே போகவில்லை.

பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தேன்மொழி என்று பெயர். ஏழு வயது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் தானாக உள்ளே வரமாட்டாள். 'இங்கே உட்கார்' என்று யாராவது இடம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால்... அப்புறம் எழுந்திருக்கமாட்டாள்.

இன்றைக்கு மல்லிகாவோடுதான் வந்தாள். அதோ, வாசலில் நிற்கிறாள்.

யாரும் நகர்ந்து இடம் விடாதீர்கள்.