குணசேகரன் எம்.

குணசேகரன்: அப்போ இன்னான்ற... நான் எயுதலன்னு நானே எயுதிக் குடுக்கணுமா? அதுக்குத்தான் வண்ணாரப்பேட்ட வரைக்கும் இட்டாந்தியா?

மகிழினி: ஆமா நைனா. நோட்டரி வக்கீல் முன்னாடி கையெழுத்து போட்டா போதும். டீ குடிக்கப் போயிருக்காரு, வந்துடுவாரு.

குணசேகரன்: நான் எட்டாவது பெயிலு. தொறமுகத்துல நெலக்கரி எறக்கனவன். எம்பொண்ணு நீதான் டாக்டரு. டாக்டருங்க படிக்கிற புக்குல நான் எயுதிட்டேன்னு எவன் நம்பிகினு கீறான்?

மகிழினி: எங்க காலேஜ் ஆபீஸ்ல நம்புறாங்க.

குணசேகரன்: லூசா அவங்க?

மகிழினி: மொதல்லருந்து சொல்றேன், நடுவுல பூந்துராத. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ, புரொபசர் வேலைக்கு...

குணசேகரன்: தெருவுக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

மகிழினி: பூராதன்னு சொன்னேன்ல? எத்தினி கட்டுர எழுதிகீறே, அத எத்தினி பேரு எடுத்துக் காட்டிகீறாங்கன்னு அங்க பாப்பாங்க.

குணசேகரன்: எடுத்துக் காட்றதுன்னா?

மகிழினி: நான் ஆராய்ச்சி பண்ணி ஒன்னு எழுதறேன். அப்பறம் வேற ஊரு டாக்டரு ஒருத்தரு எழுதறப்போ, 'இத இவங்க முன்னாடியே கண்டுபுடிச்சிட்டாங்க'ன்னு எம்பேரப் போடுவாரு.

குணசேகரன்: சாட்சிக்கு கூப்புடற மாரி.

மகிழினி: அதேதான். எத்தினி பேரு கூப்புடறாங்களோ அவ்ளோ மதிப்பு.

குணசேகரன்: உன்ன எத்தினி பேரு கூப்ட்டுகீறாங்க?

மகிழினி: என்ன... பதினோரு பேரு.

குணசேகரன்: அவ்ளோதானா?

மகிழினி: உன்ன நூத்தியம்பது பேரு.

குணசேகரன்: என்னயா? அது எப்பிடி?

மகிழினி: நம்ம ஊர்ல அப்பா பேரோட மொத எழுத்து, அப்பறம் நம்ம பேரு. ஜி. மகிழினி. வெளிநாட்டுக்காரன் பாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் வச்சிகீறான். அந்தக் கட்டத்துல உம்பேரு போயிடுச்சு. அதனால 'குணசேகரன் எம்.'னு ஏறிடுச்சு. அதுல நான் வெறும் எம்.

குணசேகரன்: யாரு அப்பிடி போட்டது?

மகிழினி: அது... ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு. தப்பா ரொப்பிட்டாரு.

குணசேகரன்: எந்தக் கட்டுர?

மகிழினி: நெலக்கரி எறக்கறவங்க நுரையீரல் பத்தி எழுதுனனே, அது. எல்லாரும் எடுத்துக் காட்றதே அதத்தான். வேலைக்கு ஆள் எடுக்கற கமிட்டியில இன்னா சொல்றாங்கன்னா, 'குணசேகரன்னு வேற ஒரு டாக்டரு கீறாரு, அவரு எழுதுனத நீ உன்னுதுன்ற'ன்னு. அது உம்பேருதான், ஆனா எழுதுனது நீ இல்லன்னு நீயே எழுதிக் குடுத்தாதான் ஒத்துக்குவாங்களாம்.

குணசேகரன்: கையெழுத்து போடலன்னா?

மகிழினி: பதினொன்ன வச்சிகினு போயி உக்காரணும். வேல வேற யாருக்கோ.

குணசேகரன்: ம்... கண்ணாடிய வூட்லயே வச்சிட்டேன் போல.

மகிழினி: சட்டப் பையில கீது.

குணசேகரன்: ஓ... கையி வேற நடுங்குது.

மகிழினி: கேரம் ஆடும்போது நடுங்கலையே? நானும் பாத்துகினே கீறேன். காலையில வயித்து வலின்ன, மத்தியானம் தல சுத்துதுன்ன. இன்னா உன் பேஜாரு?

குணசேகரன்: ஒன்னும் இல்ல.

மகிழினி: சொல்லு நைனா.

குணசேகரன்: இதுல கையெழுத்து போட்டா... கம்ப்யூட்டர்லருந்து எம்பேர அழிச்சிடுவாங்களா?

மகிழினி: இரு இரு. நான் கம்ப்யூட்டர்னே சொல்லலையே.

குணசேகரன்: எங்க அந்த வக்கீலு, இன்னும் காணோம்?

மகிழினி: நைனா!

குணசேகரன்: கல்மண்டபத்தாண்ட ஜாபர் பாய் பிரவுசிங் சென்டர் வச்சிகீறாருல்ல... மெட்ராஸ் தொறமுகம், நெலக்கரின்னு போட்டு தேடச் சொன்னேன். உன்னுது வருதான்னு பாக்கத்தான். பாத்தா... எம்பேரு வருது.

மகிழினி: எப்போ?

குணசேகரன்: போன வருசம்.

மகிழினி: அடப்பாவி நைனா! அப்போலருந்து தெரியுமா?

குணசேகரன்: ஞாயித்துக்கெயம ஆனா எங்கூட கரி எறக்கன தவசிமுத்துவையும் பக்ருதீனையும் இட்டுகினு போயிடுவேன். அவங்களும் உன் ஆராய்ச்சிக்கு நுரையீரல் மிஷின்ல ஊதனவங்கதான? ஜப்பான்காரன் எயுதிகீறான், பிரேசில்காரன் எயுதிகீறான், 'குணசேகரன் சொன்னபடி'ன்னு. ஜாபர் பாய் படிச்சி சொல்லுவாரு. நாங்க மூணு பேரும் கம்முனு பாத்துகினு குந்தியிருப்போம்.

மகிழினி: எங்கிட்ட ஏன் சொல்லல?

குணசேகரன்: சொன்னா திருத்திடுவியே... முப்பது வருசம் கண்ணு. டோக்கன் நம்பர சொல்லி கூப்புடுவான், இல்லன்னா 'ஏய் கறுப்பு'ன்னுவான். ஒருத்தனும் பேரு இன்னான்னு கேட்டதில்ல. அவ்ளோ தூசியத் துன்னதுக்கு எங்கனா ஒரு எடத்துல எம்பேரு இருந்துட்டுப் போவட்டுமேன்னு... வெக்கமாத்தான் கீது. ஆனா ஆசயா இருந்துச்சு. சரி வுடு. குடு இப்பிடி. நீ புரொபசர் ஆவறத வுட எனக்கு பேரு இன்னாத்துக்கு?

மகிழினி: அழியாது நைனா. அச்சடிச்சது அச்சடிச்சதுதான். இந்தப் பேப்பரு எங்க கமிட்டிக்கு மட்டும். ஜப்பான்காரனுக்கு எப்பவும் நீதான்.

குணசேகரன்: நெஜமாவா?

மகிழினி: நெஜமா. தோ, வக்கீலும் வந்துட்டாரு. இங்க ஒன்னு, கீழ ஒன்னு.

குணசேகரன்: ...போட்டாச்சி. நல்லா வந்துகீதுல்ல?

மகிழினி: ஜோரா கீது. வா, பஸ்ஸ புடிப்போம்.

குணசேகரன்: அந்தக் கிளார்க்கு எந்த ரூம்ல கீறாரு? நாளைக்கு உன்ன வுட்டுட்டு அவர ஒரு எட்டு பாத்துட்டு வரேன்.

மகிழினி: எதுக்கு, சண்ட போடவா?

குணசேகரன்: சேச்சே. தெரியாம பண்ணாலும் புண்ணியவான். ஒரு பிரியாணி வாங்கிக் குடுக்கணும் அந்த ஆளுக்கு.

மகிழினி: அப்போ எனக்கு வாங்கிக் குடு. கிளார்க்குன்னு ஒருத்தருமே இல்ல நைனா. உம்பேரு எது, எம்பேரு எதுன்னு தெரிஞ்சேதான் அந்தக் கட்டத்துல போட்டேன். அடுத்த மாசம் ஒரு கட்டுர வருது, அதுலயும் அப்பிடித்தான் போட்டுகீறேன்... இன்னொரு கையெழுத்துக்கு ரெடியா இரு.