அரை நூல் சாய்வு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஷாலினி. ஐரோலியிலிருந்து செம்பூர் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். உங்கள் அம்மா மாத்திரை போட்டுத் தூங்குகிறார். ஐந்து மணிக்குத்தான் எழுவார்.

ஆமாம், அந்த மூலைமட்டத்தை வளைத்தது நான்தான். அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு இழுத்துப் பார்த்தீர்களே, கெட்டிக்காரி. மட்டம் வளைந்திருந்தால் இரண்டு கோடும் பிரிந்து நிற்கும். எங்கள் தாராவித் தோல் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை அது. ஓவியக் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது. ஒன்பது மாதமாக உங்கள் அம்மா மாலதி அக்காவுக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன், படங்கள் வைத்துக்கொள்ளத் தோல் பை தைக்க என் தம்பி யாசரின் பட்டறைக்கு அவர் வந்தார். நான் அடையாளம் போடாமலே வாரை நேராக வெட்டுவதைப் பார்த்துவிட்டு, இங்கே வேலைக்கு அழைத்துக்கொண்டார். அவருடைய ஓவியத்துக்குக் கான்கிரீட் ஆர்ட் என்று பெயர். “லாத்தா, சிமென்ட் குழைக்கவா செம்பூருக்குப் போறிய? சாந்துக் கரண்டிய மறந்துராதிய” என்று யாசர் கேலி செய்தான்.

சிமென்ட் இல்லை. அந்தப் படங்களில் வட்டம் நிலா இல்லை, நீலம் கடல் இல்லை. கோடு கோடுதான், நிறம் நிறம்தான். வேறு எதையும் அவை சொல்லாது. உங்கள் அம்மா நிறம் கலப்பார். எல்லையில் டேப் ஒட்டி வெட்டுவது நான். டேப்பை உரித்தால் கோடு பிளேடு மாதிரி நிற்கும்.

சென்ற வருடக் கண்காட்சியில் ஒரு பெரியவர் அப்படியொரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கை, என்ன கை என்றார். உங்கள் அம்மா சிரித்தார். “கையே தெரியப்படாது சார். அதுதான் இந்தக் கலை.” பக்கத்தில் நான் சமோசாத் தட்டோடு நின்றேன். “இவ ராபியா. டேப் ஒட்டுவா.”

கோபமா என்று கேட்டால், இல்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது என்னை நானே துருவிப் பார்த்தேன். கோபம் அகப்படவில்லை. ஒரு குறுகுறுப்பு மட்டும் இருந்தது. தெரியாத கை கொஞ்சம் நகர்ந்தால் அவருக்குத் தெரியுமா?

மூலைமட்டத்தைப் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். ஓரடிக்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, சாய்ந்தது.

அதை வைத்து நான் இழுத்த கோட்டை மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். அபாரமான கண் அவருக்கு.

“ராபியா, இது சாயறதுடி.”

“மட்டம் வச்சுப் பாருங்கக்கா.”

வைத்தார். கோட்டோடு ஒட்டி நின்றது. ஸ்கேலையும் வைத்தார். அதில் எண்ணைப் படித்துச் சொல்வது எப்போதும் நான்தான், வர வேண்டிய எண்ணையே சொன்னேன்.

“பின்னே எனக்கேன் இப்படித் தெரியறது?”

“ராத்திரி ஒறங்கலியாக்கா?”

ஒரு வாரத்தில் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாலாம் நாள், “நீயே பாத்துச் சொல்லுடி, என் கண்ணை நம்ப முடியல” என்றார். பதினோரு வருடத்தில் அவர் என் அபிப்பிராயம் எதையும் கேட்டதில்லை. இன்னும் சில நாள் கேட்கட்டுமே என்று தோன்றியது.

கண் டாக்டர், கண் நன்றாக இருக்கிறது என்றார். அதனால் அவர் இன்னும் பயந்துபோனார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாவது டாக்டர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். அதில் கை நடுங்கத் தொடங்கியது. வேளை தவறாமல் நான்தான் கொடுக்கிறேன். ஒரு நாள்கூட நீங்கள் போன் பண்ணி நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது கோடு எங்கே, நிறம் எது என்று நான் சொல்கிறேன், அவர் தலையாட்டுகிறார். அடுத்த கண்காட்சிக்கு ஏழு படம் தயார். பின்பக்கம் அவர் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. போன மாதம் பாவமாக இருந்தது. மட்டத்தைத் தட்டி நேராக்கி, சரியான கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “இதுவும் சாயறதுடி” என்று அழுதார். “இல்லக்கா, நேராத்தான் இருக்கு” என்றேன். அது சத்தியமான வார்த்தை. அன்றைய அழுகைக்கு என்மேல் பழி போட முடியாது.

அவர் மேலும் குழம்பிவிடக் கூடாது என்றுதான் மட்டத்தை மறுபடி வளைத்து வைத்தேன்.