பத்தாவது படிக்குக் கீழே

— ஏழாவது படி வரைக்கும் இறங்கிட்டேன்க்கா. அங்க ஒட்டடை தொங்குது.

— ஒட்டடையா?

— ஆமா. துடைப்பம் எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். அவ்வளவுதான், முழிச்சுக்கிட்டேன்.

— ஏன்டி, அது மனசுக்குள்ள இருக்கிற படி. அதைப் போய் யாராவது பெருக்குவாங்களா?

— எனக்கென்ன தெரியும்? "பத்துப் படி இருக்கு, ஒவ்வொண்ணா இறங்குங்க, கீழே ஒரு கதவு வரும், நீங்க பாக்கணும்னு நினைக்கிறவங்க உள்ள இருப்பாங்க"ன்னு கண்ணை மூட வெச்சு மேடம் சொன்னாங்க. படின்னதும் எனக்குப் பெருக்கத்தான் தோணுது. அம்மாவைப் பார்த்துக்கிட்டு ஏழு வருஷம் ஓயாத கை.

— மெதுவா பேசு. உள்ள அடுத்த ஆள் போயாச்சு.

— நாலாவது தடவைக்கா இது. போன தடவை அஞ்சாவது படியில இருக்கும்போது ஏசி "டக் டக்"குன்னுச்சு. நான் விருட்டுன்னு எழுந்து நின்னு, "என்னம்மா?"ன்னு கேட்டிருக்கேன். மேடமே மிரண்டுட்டாங்க.

— அம்மா கட்டில் சட்டத்துல மோதிரத்தால தட்டுவாளே, அந்த மாதிரியா?

— அதே மாதிரி. ரெண்டு தட்டு. அவ போய் அஞ்சு மாசமாச்சு, என் காது இன்னும் டியூட்டியில இருக்கு. கண்ணை மூடினா அது திறந்துக்குது.

— அதைத்தான் விடணுங்கறாங்க மேடம். ஹிப்னோதெரபி ஒண்ணும் மந்திரமில்லை. இறுக்கிப் பிடிச்சிருக்கிறதை நாமளே விடறது. பாரு, நான் விட்டேன், முதல் தடவையே...

— முதல் தடவையே! ஐயோ சாமி, ஆரம்பிச்சுட்டா. முதல் தடவையே பத்துப் படியும் இறங்கி, கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்துட்டு வந்த மகராசி. சித்தி, அத்தை, பெரிய மாமான்னு ஊரையே கூப்பிட்டுச் சொன்னவ.

— மூணு பேருக்குத்தான் சொன்னேன்.

— மூணு போதும், சித்தி ஒருத்தியே போதும். "அம்மா என் தலையைத் தடவினா, சிரிச்சா"ன்னு சொன்னியா இல்லையா?

— சொன்னேன்.

— எனக்கு எரியுதுக்கா. மறைச்சு என்ன ஆகப் போகுது? பொறாமைதான். வேற நல்ல பேரு வைக்கத் தெரியலை. இப்ப வேலைக்குப் போற மருந்துக்கடையில நின்னு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் இதே நினைப்பு. நேத்து ஒருத்தருக்கு இருமல் மருந்துக்குப் பதிலா கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டிட்டேன்.

— அடிப்பாவி!

— நல்லவேளை, அவரே பார்த்துட்டார்.

— இதுக்குத்தான் உன்னை இங்க வரச் சொன்னேன். நீ தூங்கி எத்தனை நாளாச்சு? பாரு, மனசு கொஞ்சம் வளரணும்டி. உள்ள இருக்கிற பாரத்தை இறக்கி வெச்சாத்தான்...

— மூச்சுப் பயிற்சிக்குப் போனே. மௌன முகாமுக்குப் போனே, அங்க இருந்துகிட்டே எனக்கு மெசேஜ் அனுப்பினே. இப்ப இது. உன் ஆன்மா வளரட்டும், யார் வேண்டாங்கறா? உன்னோடது வளர்ந்துகிட்டிருந்தப்போ என்னோடது பெட்பேன் கழுவிட்டிருந்தது.

— குத்திக் காட்டாதே. காலேஜ் வேலையை விட்டுட்டு வந்து உக்கார முடியுமா? வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தேன்ல?

— வந்தே. பெட்டியோட வந்தே. நீ வர்றேன்னா அம்மா முந்தின நாளே தலையை வாரி விடுன்னு உயிரை எடுப்பா. மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறவ, வாசல்ல உன் பெட்டி உருள்ற சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உக்காருவா. எந்த மருந்தும் செய்யாததை உன் பெட்டி செஞ்சுது. நீ கிளம்பி ஆட்டோ திரும்பியிருக்காது, "டக் டக்". "என்னைப் படுக்க வைடி, இடுப்பு போச்சு"ம்பா.

— அது பாசமில்லடி. விருந்தாளிக்குக் காட்டுற முகம்.

— அந்த முகத்தை எனக்கு ஒரு நாள் காட்டியிருக்கலாம்ல? நான் வெச்ச தண்ணியில சூடு பத்தலை, நான் போட்ட தலையணை சரியில்லை, நான் நடந்தா சத்தம். சரி, போன பிறகாவது என்கிட்ட வருவான்னு பார்த்தா, அங்கயும் உன்கிட்டதான் வந்திருக்கா. கட்டிலை விட்டுக் கால் கீழ வைக்க முடியாதவ!

— நீ நினைக்கிற மாதிரி இல்லை.

— அப்ப எந்த மாதிரி? மேடம் எல்லாத்தையும் பதிவு பண்ணித்தானே கையில கொடுக்கறாங்க? என்னோடது நாலுலயும் என் இருமல்தான் இருக்கு. உன்னோடதை ஒரே ஒரு தடவை கேக்கக் கொடுன்னா மாட்டேங்கறே.

— அது என் சொந்த விஷயம்.

— உன் சொந்த அம்மாவா? எனக்கு என்ன, பக்கத்து வீட்டு அம்மாவா?

— சரி, நீ சொல்லு. அவளைப் பார்த்தா என்ன கேக்கப் போறே?

— ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லாததுக்கா கடைக்கு லீவு சொல்லிட்டு நாலு தடவை வந்தே? இங்க பாரு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— தட்டினியான்னு கேக்கணும்.

— என்னது?

— அன்னைக்கு அவ என்னைத் தட்டிக் கூப்பிட்டாளான்னு கேக்கணும். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், என் கண்ணு முன்னாலதான் மூச்சு நின்னுச்சுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்ல? பொய்க்கா. மத்தியானம் மூணு மணி. தரையில உக்காந்து மறுநாளைக்கு மாத்திரை பிரிச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். எப்படித் தூங்கினேன்னே தெரியலை. ஏழு வருஷத்துல ஒரு பத்து நிமிஷம். முழிச்சுப் பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. அவ கை கட்டில் சட்டத்து மேலயே இருந்தது, மோதிர விரல் நீட்டிக்கிட்டு. தட்டியிருக்கா, நான் கேக்கலை. என்னை எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

— இரு, இரு. எங்க உக்காந்து தூங்கினே?

— எங்கயா இருந்தா என்ன?

— சொல்லுடி!

— ஜன்னலுக்குக் கீழே. சுவத்துல சாஞ்சு. மாத்திரை டப்பா மடியிலயே இருந்தது. எதுக்கு இப்படிப் பாக்கறே?

— இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? மேடம்கிட்ட?

— யார்கிட்டயும் இல்லை. இப்பத்தான் முதல் தடவையா வாயைத் திறக்கறேன். திட்டறதுன்னா திட்டிடு, நின்னுக்கிட்டே வாங்கிக்கறேன்.

— உக்காரு. நானும் பொய்தான் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவலை. சிரிக்கலை. என்னை நிமிர்ந்துகூடப் பாக்கலை. பேசினது நாலு வார்த்தை, அதுவும் உன்னைப் பத்தி. என் மனசுக்குள்ள நான் இறங்கிப் போனா அங்கயும் நீதான் இருந்தே. வயித்தெரிச்சல் உனக்கு மட்டும்தான்னு நினைச்சியா? அதான் சித்திகிட்ட அப்படிச் சொன்னேன். அதான் இதை உனக்குக் கொடுக்கலை.

— என்னக்கா உளர்றே?

— இது போன மாசம் பதிவானது, தேதியைப் பாரு. நீ இதைச் சொல்றதுக்கு முன்னாடி. இந்தா இயர்போன், ஒரு காதுல நீ மாட்டிக்கோ, ஒரு காதுல நான். முதல்ல மேடம் கேப்பாங்க, அப்புறம் என் குரல். போடவா?

— போடு.

— "கதவைத் திறந்தாச்சா? உள்ள யார் இருக்காங்க?"

— "அம்மா. கட்டில்ல உக்காந்திருக்கா."

— "உங்களைப் பாக்கறாங்களா?"

— "இல்லை. தங்கச்சியைப் பாக்கறா. அவ ஜன்னலுக்குக் கீழே சுவத்துல சாஞ்சு தூங்கறா. மடியில ஏதோ டப்பா."

— "கிட்ட போங்க. அம்மா ஏதாவது சொல்றாங்களா?"

— "உதட்டுல விரல் வைக்கறா. சத்தம் போடாதேங்கறா. 'பாவம், இப்பத்தான் கண்ணசந்தா, கையைத் தூக்கிட்டேன், தட்ட மனசு வரலை'ங்கறா."