வாந்தி மாத்திரை

அந்தமானில், பாம்பூபிளாட் படகுத்துறையில் காலைப் படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மீன்பெட்டியோடு ஒருவர்; பக்கத்தில் கல்லூரிப் பையோடு அவருடைய மகள். அவள் ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“என்னட்டி, இந்தா எதிர்க்கரையில இருக்கிற சாத்தத்துக்குப் போக மீன்காரன் மவளுக்கு வாந்தி மாத்திரையா? கேட்டா சிரிப்பாங்க.”

“போட்ல போறதுக்கு இல்லப்பா. கிளாஸுக்கு.”

“ஏன், கிளாஸும் ஆடுதோ?”

“ஆடுது. மேடம் என் பேரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடங்குது, கை நடுங்குது, குமட்டிக்கிட்டு வருது. கிறிஸ்மஸ் லீவு முடிஞ்சதுலேர்ந்து தினமும் போடுறேன்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“மாத்திரை கேக்குதா?”

“தூக்கம்தான் வருது. படபடப்பு அப்படியேதான் இருக்கு. ஆஸ்பத்திரியில இதுக்குன்னே பேசுற டாக்டர் இருக்காங்களாம். வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போன்னு மேடம் சொன்னாங்க.”

“அவங்க பைத்தியத்துக்குல்லா பாப்பாங்க?”

“இப்படிக் கேப்பீங்கன்னுதான் நான் சொல்லல.”

போட் வந்து துறையை உரசி நின்றது. வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. பிறகு, பின்னால் நின்ற வங்காளி மீன்காரரிடம் பெட்டியை நகர்த்தி, “தாதா, ஆஜ் தும் பேச் தேனா” என்று இந்தியில், அன்றைக்கு மீனை விற்றுக்கொடுக்கச் சொன்னார். மகள் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“அங்கயும் பேரைக் கூப்பிடுவாங்கப்பா.”

“கூப்பிடட்டும். உன்கூட நானும் எந்திரிக்கேன்.”