கயிற்றின் மறுமுனை

பாம்...

பின்னால் கயிற்றில் கட்டியிருந்த ஜீப்பிலிருந்து ஒரே ஒரு ஹாரன். இரவு பதினொன்றேகால். மலைச்சாலையின் உச்சி. சரக்கு வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணயர்ந்திருந்த சித்தப்பா விழித்துக்கொண்டார்.

"ஒருவழியா மாட்டிட்டான் தண்டம்" என்று முனகியபடி கியரைத் தட்டினார்.

இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நேர்ந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சித்தப்பா மரக்கடை முதலாளி. தன்னைத் தவிர யார் தலையிலும் களிமண்தான் என்பது அவர் கட்சி. மனைவியின் தம்பிக்கு அவர் வைத்த பெயர் 'தண்டம்'. அன்று மாலைதான் ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்திருந்தார். தகரமெல்லாம் பொத்தல். சீட்டைக் கிழித்துக்கொண்டு கம்பிச் சுருள். உள்ளே ஈரக் கோணியும் சுருட்டுப் புகையும் கலந்த நாற்றம்... இதைப் புதுசாக்கி ஊரையே வாய்பிளக்க வைக்கப் போகிறாராம்.

ஏலக் கிடங்கு மெக்கானிக் சொல்லிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாங்க சார். பிரேக் சுத்தமா கிடையாது. லாரியில ஏத்திட்டுப் போங்க."

"அவனுங்களுக்கு ஓட்டத் தெரியல. உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியல. போப்பா."

கட்டி இழுக்கும் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தண்டத்தை ஏற்றினார். பிரேக் இல்லாததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறுவானா?

உச்சி வந்ததும், ஒற்றை விளக்கு எரிந்த பஞ்சர் கடையைக் காட்டினார். "ஹாரன் அடிக்க பேட்டரி இல்ல. அங்க ஒண்ணு வாங்கி மாட்டு. ஒரு ஹாரன் அடிச்சா கிளம்பறேன். ரெண்டு அடிச்சா நிறுத்தறேன். இதையாவது உருப்படியா செய்."

இப்போது ஒரு ஹாரன். கிளம்பிவிட்டார்.

இறக்கம். பக்கக் கண்ணாடியில், நிலா வெளிச்சத்தில், ஸ்டியரிங் மேல் கவிழ்ந்த உருவம். போன் அடித்தது. திரையில் 'தண்டம்'.

"பின்னாடி உக்காந்துக்கிட்டு எனக்கே போனா? பயந்தாங்கொள்ளி." துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடியும்... போனையே அணைத்துப் போட்டார்.

அவ்வளவு செங்குத்தான இறக்கத்திலும் ஜீப் வேன் மீது வந்து முட்டவில்லை. கயிறு தொய்யவே இல்லை. பிரேக் இல்லையாம்... அந்த மெக்கானிக் சரியான புளுகன் என்று சிரித்துக்கொண்டார்.

பாம்... பாம்.

"இவன் சொல்லி நான் நிக்கணுமா?" வீம்புக்கு வேகத்தைக் கூட்டினார்.

கயிறு விண்ணென்று இழுத்தது. வேன் முன்னே போக முடியாமல் திணறியது. டயர் கருகும் நாற்றம். எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது.

முகப்பு விளக்கு வெளிச்சத்தில், பத்தடிக்கு அப்பால்... சாலை இல்லை. மண் சரிந்து போயிருந்தது. ஒரு கல் உருண்டு விழுந்தது. அது தரையில் பட்ட சத்தம் கேட்கவே இல்லை.

கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். வாய் மட்டும் அடங்கவில்லை.

"பரவாயில்லடா. கண்ணாவது தெரியுது உனக்கு."

ஜீப்பின் சக்கரத்தைத் தொட்டார். இவ்வளவு இழுவையைப் பிடித்து நிறுத்திய சக்கரம் கொதிக்க வேண்டும். ஐஸாகக் குளிர்ந்தது. உள்ளே இருட்டில் சுருட்டு நெருப்பு ஒன்று சிவந்து மங்கியது.

"எப்ப இருந்துடா இந்தப் பழக்கம்?"

அதற்குள் மேலிருந்து ஒரு லாரி வந்து பின்னால் நின்றது. மூச்சிரைக்க இறங்கி ஓடி வந்தவன், கனமான எதையோ குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"கத்தக் கத்த விட்டுட்டு வந்துட்டீங்களே மாமா... பேட்டரி இன்னும் என் கையிலதான் இருக்கு."