வரேன்னு சொன்னவள்

"எங்கப்பா மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மெதுவாப் பேசு, ஆளுங்க…"

"ஆளா? எங்க? எல்லாம் பொம்மையும் எலும்பும்! போன் பண்ணப்பல்லாம் இதோ வரேன், இதோ வரேன்னீங்களே…"

"திறப்பு விழா நெருக்கத்துல என்னை விடலடி!"

அப்பாவுக்காகக் கத்தியது நம்ம தெருத் தையல்காரம்மாவின் நாத்தனார். பொழுது சாயும் நேரம். கடலோரச் சாலை… கடைசி வீட்டையும் தாண்டிப் போனால் அந்த அருங்காட்சியகம். அதற்கப்பால் அலைதான். புருஷன் அங்கே எலக்ட்ரீஷியன். அந்தக் கரையில் ஆதியில் வாழ்ந்தவர்களின் பானை, பாசிமணி, படகுத் துண்டு எல்லாவற்றுக்கும் விளக்குப் போட்டவன். மாமனாரை எடுத்த பிறகுதான் போய் நின்றான். அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பிறந்த வீடு போகத்தான் வந்திருந்தாள்.

கடைசி அறை. கண்ணாடிக்குள் ஒரு பெரிய மண்தாழி, பக்கவாட்டில் உடைந்தது. உள்ளே ஒரு பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு… எலும்பாக.

"இவளுக்கு விளக்கு மாட்டத்தான் வரலையா? நல்லாக் குடும்பம் நடத்துங்க. நான் போறேன்."

"போறேன்னு சொல்லாத. கோவம் இருந்தா இருக்கட்டும். வரேன்னு சொல்லிட்டுப் போ."

"உங்ககிட்டயா? அந்த வார்த்தையத்தான் நீங்க தின்னு தீத்துட்டீங்களே!"

அவனுக்கும் சுருக்கென்றது. மூடும் நேரம் வேறு. மெயினை அணைக்கிறேன் பேர்வழி என்று விறுவிறுவென வெளியே நடந்தான். செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து… நின்றது. அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆளுக்குச் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்றேன்டி மகராசி. வரேன்!"

டக். இருட்டு.

"எப்ப?"

"எப்ப வந்தா உங்களுக்கென்ன? கேக்கற வாயப் பாரு!"

எங்கோ தூரத்தில், நடையின் அந்தக் கோடியிலிருந்து அவன் குரல் வந்தது. "யாருகிட்டடி பேசற?"

அப்போதுதான் உறைத்தது. கேட்டது பெண் குரல்.

ஈர மண் வாசனை… கிணறு வெட்டும்போது அடியிலிருந்து வருமே, அது. நெடுங்காலம் மடங்கிக் கிடந்த மூட்டு நிமிர்வதுபோல் மளுக்… மளுக்… என்று ஒரு சத்தம். கண்ணாடியில் ஏதோ உரசியது. பிறகு உரசல் நின்றது.

இந்த முறை காதோரம்.

"நாள் சொல்லு."