ஆட்டைத் தின்ற புல்

"அக்கா, நான் வரைஞ்ச படத்துல புல்லு ஆட்டைத் தின்னுடுச்சு."

அடையாறிலிருந்து வடபழனி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இதைச் சொன்னவள் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்காக மாதிரி வகுப்பு எடுத்துவிட்டு வருகிறாள் என்பது அடுத்தடுத்த பேச்சில் தெரிந்தது. சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாடி சொல்ற?"

"உணவு வலை பாடம்க்கா. ஆடு புல்லைத் தின்னுதுன்னு ஆட்டுலேர்ந்து புல்லுக்கு அம்பு போட்டேன். முதல் பெஞ்சுப் பொண்ணு ஒண்ணு எழுந்து, 'மிஸ், சக்தி எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம்தான் அம்பு போடணும். நீங்க போட்ட மாதிரி பாத்தா புல்லுதான் ஆட்டைத் தின்னுது'ன்னுச்சு."

"ஐயோ. ஹெட்மிஸ் அங்க இருந்தாங்களா?"

"கடைசி பெஞ்சுல உக்காந்துகினு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுக்கா, அடக்கவே முடியல. கிளாஸே சிரிக்குது. அப்புறம் அந்தப் பொண்ணையே கூப்ட்டு சாக்பீஸைக் குடுத்தேன். சூரியன்லேர்ந்து புல்லு, புல்லுலேர்ந்து ஆடு, ஆட்டுலேர்ந்து புலின்னு எல்லா அம்பையும் அதுவே மாத்திப் போட்டுச்சு."

அக்கா அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சரி வுடு. வேற ஸ்கூல் பாத்துக்கலாம்."

"இன்னாத்துக்கு? திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்ட்டாங்க. மத்தவங்க எடுத்த கிளாஸ்ல ஒரு புள்ளகூட வாயைத் தொறக்கலையாம்."

"இதை மொதல்ல சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?" என்று அக்கா அவள் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.